வீட்டு மின்னணு இசைக்கூடத்துக்கு எந்த மிக்ஸர்? டெல்டாவிலிருந்து ஒரு மதிப்பீடு

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் விற்கும் கடைக்குச் சென்று, பல ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை மைக் போடணும் தம்பி?" என்பதுதான். அந்தக் கேள்வியில் குற்றமில்லை. இந்த வட்டாரத்தில் மிக்ஸர் வாங்குவோரில் பெரும்பாலோர் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட் கட்டுபவர்கள். மேடையில் எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்பதே அவர்களுடைய கணக்கு. ஆனால் வீட்டின் ஓர் அறையில் சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி), டிரம் மெஷின், சாம்ப்ளர் (பதிவான ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி), லேப்டாப் ஆகியவற்றை வைத்து மின்னணு இசை செய்பவருக்கு மைக் ஒன்று இருந்தால் போதும், பலருக்கு அதுவும் வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சானல் எண்ணிக்கையைப் பார்த்து அவர் வாங்குவாரானால், பாதிப் பணம் அவர் ஒருபோதும் தொடாத மைக் பிரீஆம்ப்களுக்கு (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் சுற்றுகளுக்கு) போய்விடும். அவர் பார்க்க வேண்டியவை வேறு: ஸ்டீரியோ லைன் உள்ளீடுகள் எத்தனை, எஃபெக்ட்ஸ் கருவிக்கு ஒலியை அனுப்பும் ஆக்ஸ் செண்டுகள் எத்தனை, யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு ஒவ்வொரு சானலும் தனியாகப் போகிறதா அல்லது எல்லாம் கலந்த இரண்டு தடங்கள் மட்டும் போகின்றனவா.

மிக்ஸர் யாருக்குத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். இசை முழுவதும் லேப்டாப்புக்குள்ளேயே மென்பொருள் கருவிகளால் உருவாகிறது என்றால், ஒலியை லேப்டாப்புக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும், இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றே போதுமானது. வெளியில் மூன்று நான்கு கருவிகள் சேர்ந்து, அவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கையால் ஏற்றி இறக்கி வாசிக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் மிக்ஸர் தன் இடத்தைப் பெறுகிறது.

உள்ளீடுகளை எண்ணும்போது கருவிகளின் பின்பக்கத்தைப் பார்த்து எண்ண வேண்டும். கோர்க் மினிலாக் போன்ற சிந்தசைசருக்கு ஒரே ஒரு மோனோ வெளியீடுதான்; எலெக்ட்ரான் டிஜிடாக்டுக்கு இடம், வலம் என இரண்டு; ஸ்டீரியோ ரிவெர்ப் (பெரிய கூடத்தின் முழக்கம்) அல்லது டிலே (எதிரொலி) கருவி ஒன்று சேர்ந்தால் அது திரும்பி வருவதற்கு இன்னும் ஒரு ஜோடி. இந்த மூன்றுக்கே ஐந்து உள்ளீடுகள்; இன்னும் ஒன்றிரண்டு கருவிகள் சேர்ந்தால் சிறிய மேசையிலேயே எட்டு உள்ளீடுகள் நிரம்பிவிடும். "10 சானல்" என்று விற்கப்படும் மிக்ஸரில் நான்கு ஸ்டீரியோ ஜோடிகளும் இரண்டு மோனோக்களும் இருக்கக்கூடும். அதே "10 சானல்" பெயரில் எட்டு மோனோ மைக் உள்ளீடுகளும் ஒரே ஒரு ஸ்டீரியோ ஜோடியும் இருக்கக்கூடும். மைக் செட்காரருக்குப் பின்னது நல்லது, நமக்கு முன்னது.

கேபிள் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்வது நல்லது, ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர்கள் மிக்ஸரையே பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவது பெரும்பாலும் இதனால்தான். 2013-இல் வந்த கோர்க் வோல்கா வரிசைக் கருவிகளில் ஒலி 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக் வழியாகத்தான் வெளியே வருகிறது. வோல்கா பேஸ் போன்ற மோனோ கருவியில் இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலிதான் இருக்கும். அதை, பிளக்கில் இரண்டு வளையக் கோடுகள் கொண்ட ஸ்டீரியோ கேபிளால் மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகினால், அந்த உள்ளீடு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஒன்றை ஒன்று தின்று ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். ஸ்டீரியோ மினி ஜாக்கை இரண்டு தனி மோனோ ஜாக்காகப் பிரிக்கும் கேபிளை வாங்கி, அதில் ஒன்றை மட்டும் மோனோ சானலில் செருகினால் ஒலி முழுமையாக வரும்.

அளவு மட்டத்திலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. ஸ்டுடியோத் தரக் கருவிகள் பிளஸ் 4 டிபியு என்ற மட்டத்தை, அதாவது ஏறத்தாழ 1.23 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டவை. வீட்டு உபயோகக் கருவிகள் மைனஸ் 10 டிபிவி, அதாவது ஏறத்தாழ 0.316 வோல்ட். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபெல் இடைவெளி. ஆகவே ஒரு சிந்தசைசர் முழங்குவதும் பக்கத்தில் இருப்பது முனகுவதும் இயல்பே. இதைச் சரிசெய்ய, உள்ளே வரும் ஒலியின் மட்டத்தை ஏற்றி இறக்கும் கெயின் திருகு வேண்டும். மலிவான மிக்ஸர்கள் பலவற்றில் ஸ்டீரியோ லைன் சானல்களுக்குக் கெயின் திருகே இருக்காது. அப்போது சத்தம் குறைந்த கருவிக்காகச் சானல் அளவை முழுவதும் ஏற்றிவிட்டு, மற்றவற்றை அடிமட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கும், நுண்ணிய ஏற்ற இறக்கத்துக்கு இடமிருக்காது.

இனி ஆக்ஸ் செண்ட். மின்னணு இசைக்கான மிக்ஸரின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு சானலிலும் உள்ள அந்தத் திருகு, அந்த ஒலியில் ஒரு பங்கைப் பிரித்து வெளியில் உள்ள டிலே அல்லது ரிவெர்ப் கருவிக்கு அனுப்புகிறது. 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப் பொறியாளர் கிங் டபி தம் மிக்ஸரையே ஓர் இசைக்கருவியாக வாசித்தார். பாட்டை ஒலிக்கவிட்டு, ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்குள் தள்ளி, தாளத்தை அறுத்து, மீண்டும் கொண்டுவந்தார். இன்றைய மின்னணு இசையின் பல பழக்கங்கள் அந்த மேசையிலிருந்து வந்தவை. அதை வீட்டில் செய்ய விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். டிலே கருவியின் வெளியீட்டை "ரிட்டர்ன்" என்று எழுதிய துளையில் செருகாமல் ஒரு சாதாரணச் சானலில் செருகுங்கள். இப்போது எதிரொலிக்கென்று தனியாக ஓர் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) கிடைத்துவிட்டது, ஃபேடரும் (அளவை ஏற்றி இறக்கும் நழுவுக் கட்டை) கிடைத்துவிட்டது. அந்தச் சானலின் ஆக்ஸ் திருகைச் சிறிது திறந்தால் எதிரொலி மீண்டும் டிலேக்குள் போய், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மங்கிக் கொஞ்சம் கரகரத்துத் தொடர்ந்து ஓடும். கையை எடுக்காமல் மிக மெதுவாகத் திறக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் ஒலி தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடும்.

இதற்குச் செண்ட் "போஸ்ட் ஃபேடர்" வகையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபேடரை இறக்கியதும் புதிய ஒலி போவது நின்று, ஏற்கெனவே போனதன் வால் மட்டும் தொடரும். "பிரீ ஃபேடர்" என்பது மேடையில் பாடகரின் மானிட்டருக்காக ஏற்பட்டது. அதில் ஃபேடரை இறக்கினாலும் ஒலி டிலேக்குப் போய்க்கொண்டேயிருக்கும். இரண்டையும் மாற்றிக்கொள்ளும் பொத்தான் இருந்தால் மிக நன்று. ஒரே ஒரு செண்ட் உள்ள மிக்ஸரில் டிலேயா ரிவெர்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு செண்ட் என்பதே வசதியாக வாசிப்பதற்கான குறைந்த அளவு.

யூஎஸ்பி விஷயத்தில் மூன்று வகைகள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் மலிவு விலை மிக்ஸர்களின் முகப்பில் ஒரு யூஎஸ்பி துளையும் புளூடூத்தும் சிறு திரையும் இருக்கும். அது பெரும்பாலும் பென் டிரைவில் உள்ள பாட்டை ஒலிக்கவிடுவதற்கு மட்டுமே. கல்யாண வீட்டில் இடைவேளைக்குப் பாட்டுப் போட அது மிகவும் பயன்படும், லேப்டாப்பில் பதிவு செய்யப் பயன்படாது. இரண்டாம் வகை, லேப்டாப்புடன் இணைத்தால் இடம், வலம் என்ற கலந்த இரண்டு தடங்களைத் தருவது. மூன்றாம் வகை, ஒவ்வொரு சானலையும் தனித்தடமாகத் தருவது. வாசித்தபடியே முடித்துவிடும் வழக்கமுள்ளவருக்கு இரண்டாம் வகை போதும். இரவில் வாசித்துவிட்டுக் காலையில் கேட்கும்போது கிக் டிரம் மட்டும் சற்றுக் குறைந்திருக்கலாமே என்று எண்ணுபவருக்கு மூன்றாம் வகைதான் வழி, ஏனெனில் கலந்த ஒலியிலிருந்து ஒன்றை மட்டும் தரம் கெடாமல் பிரித்துக் குறைப்பது கடினமான காரியம். மூன்றாம் வகையிலும் ஒன்றைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்: பல மாடல்களில் தனித்தடம் ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்னரே எடுக்கப்படுகிறது. வாசிக்கும்போது நீங்கள் செய்த ஈக்யூ மாற்றங்கள் தனித்தடங்களில் பதிவாகாது; கலந்த ஸ்டீரியோ தடத்தில் மட்டுமே இருக்கும்.

இந்த அளவுகோல்களை வைத்துக் கருவிகளைப் பார்க்கலாம்.

யமஹா எம்ஜி10எக்ஸ்யு நான் அன்றாடம் பயன்படுத்துவது. நான்கு மோனோ சானல்கள், மூன்று ஸ்டீரியோ சானல்கள். யூஎஸ்பியில் லேப்டாப்புக்கு உள்ளே இரண்டு தடம், அதிலிருந்து வெளியே இரண்டு தடம், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. உள்ளேயே 24 வகை எஃபெக்ட்ஸ். உலோக உடல் உறுதியானது. திருகுகள் ஆடாமல், கைக்கு ஒரே சீரான எதிர்ப்புடன் திரும்புகின்றன. முதல் இரண்டு சானல்களில் ஒரே திருகில் இயங்கும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரெஸர் உண்டு. டிரம் மெஷினை அதில் செருகிப் பத்து மணி நிலை வரை திருப்பினால் அடி இறுகி முன்னே வந்து நிற்கும். மைக் பிரீஆம்பும் நேர்மையானது. நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்தையோ தவிலின் தொப்பிப் பக்கத்து அடியையோ பதிவு செய்து சாம்ப்ளரில் ஏற்ற விரும்புபவருக்கு, அந்த உரத்த ஒலியைத் தாங்க மோனோ சானல்களில் 26 டெசிபெல் குறைக்கும் பேட் பொத்தான் இருக்கிறது. குறைகள் இரண்டு, இரண்டும் நம் வேலைக்கு முக்கியமானவை. ஆக்ஸ் செண்ட் ஒன்றே ஒன்று. உள்ளிருக்கும் எஃபெக்ட்ஸும் வெளியே செல்லும் செண்டும் அதே திருகைப் பகிர்ந்துகொள்கின்றன. சானல் அளவுக்கு ஃபேடர் கிடையாது, திருகுதான். இரண்டு சானல்களை ஒரே கையால் ஒரே வேகத்தில் இறக்குவது திருகில் கைவராது. ஃபேடர் வேண்டுமென்றால் அதே வரிசையில் எம்ஜி10எக்ஸ்யுஎஃப் அல்லது எம்ஜி12எக்ஸ்யுவுக்குப் போக வேண்டும்.

டாஸ்கம் மாடல் 12 வேறு தரத்தில் நிற்பது. இதில் 60 மில்லிமீட்டர் ஃபேடர்கள், இரண்டு ஆக்ஸ், யூஎஸ்பியில் 12 தடம் உள்ளே, 10 தடம் வெளியே. லேப்டாப்பே இல்லாமல் எஸ்டி கார்டில் பத்துச் சானல்களையும் ஸ்டீரியோ கலவையையும் சேர்த்து 12 தடங்களாகப் பதிவு செய்துகொள்கிறது. கருவிகள் தாளக் குறிப்பைப் பகிர்ந்துகொள்ளும் மிடி இணைப்புக்கு உள்ளீடும் வெளியீடும் இருப்பதால் டிரம் மெஷினையும் பதிவையும் ஒரே தாளத்தில் கட்டலாம். பதிவான தடங்களை மறுபடி அதே சானல்களுக்குக் கொண்டுவந்து கையால் கலக்கலாம் என்பது இதன் மிகப் பெரிய நன்மை. முதல் நாள் வாசிப்பு, மறுநாள் கலவை, இரண்டும் ஒரே மேசையில். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் அதைக் குறையாக எண்ணவில்லை, இந்த இசைக்கு அது தாராளம். விலை யமஹா எம்ஜி10எக்ஸ்யுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 தடம் உள்ளே, 12 தடம் வெளியே தரும் அனலாக் மிக்ஸர். நடு அலைவரிசையை நகர்த்தித் தேடும் ஈக்யூ இதன் தனிச்சிறப்பு. ஒரு சிந்தசைசரின் மூக்கடைத்த ஒலியைத் தேடிப் பிடித்துக் குறைப்பதற்கும், வாசிக்கும்போதே அந்த அலைவரிசையை மெல்ல நகர்த்தி ஒலியைப் பேசவைப்பதற்கும் அது உதவும். உள்ளிருக்கும் லெக்சிகன் ரிவெர்பும் நன்றாக இருக்கும். ஆனால் எஸ்டி கார்டு பதிவு இல்லை. லேப்டாப் அருகில் இருந்தாக வேண்டும்.

ஆலன் அண்ட் ஹீத் ஜெடை 10 நான்கு தடம் உள்ளே, நான்கு தடம் வெளியே என்று இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 பதினெட்டுத் தடங்கள் தரும் டிஜிட்டல் மிக்ஸர். மேடைக்கு அருமையானது, ஆனால் டேப்லெட் அல்லது லேப்டாப் திரையில்தான் அதை இயக்க வேண்டும். திருகைத் தொட்டு வாசிக்கும் இசைக்கு அது பொருந்தாது என்பதே என் தீர்ப்பு.

கருவி எதுவானாலும் நம் பகுதி வீடுகளில் அதை முதலில் சோதிப்பது மின்சாரம்தான். இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் ஸ்பீக்கரில் உறுமலாக வந்து நிற்கும். கர்நாடக இசைக் கச்சேரியைப் பதிவு செய்பவர் தாழ்ந்த அலைவரிசையை வெட்டிவிட்டுத் தப்பிக்கலாம். நமக்கு அந்த வழி இல்லை, ஏனெனில் கிக் டிரம்மின் அடிநாதமும் பேஸ் ஒலியும் குடியிருப்பது அதே 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்வது, மிக்ஸர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு. வண்டல் மண்ணில் ஈரம் இருக்கும்வரை கரியும் உப்பும் இட்ட எர்த் குழி நன்றாகவே வேலை செய்யும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் முன்பான சித்திரை, வைகாசியில் மண் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது, குழிக்கு அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் எர்த் மீண்டும் நன்றாக வேலை செய்யும்.

எர்த் நன்றாக இருந்தும் லேப்டாப்பை யூஎஸ்பியில் இணைத்தவுடன் மெல்லிய கீச்சொலி வந்தால், அது லேப்டாப் சார்ஜரும் மிக்ஸரும் வெவ்வேறு பாயின்ட்டிலிருந்து எர்த் எடுப்பதால் உண்டாகும் சுற்று. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது முதல் மருந்து. ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு கேபிள் இரண்டாவது. அதற்கும் அடங்காத கருவிக்கு மட்டும், ஒலி கேபிளில் எர்த் தொடர்பைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடும்படி யாரேனும் யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்க வேண்டாம். உறுமல் போகும், அதோடு உயிருக்கான பாதுகாப்பும் போகும். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சைன் வேவ் வகையையே வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் எந்த மிக்ஸரும் இரையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையின் ஈரம் திருகுகளுக்குள்ளும் ஃபேடர்களுக்குள்ளும் இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். தை மாதம் சம்பா அறுவடையில் இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசு ஜன்னல் வழியாக வந்து ஃபேடர் இடுக்குகளில் படியும். வேலை முடிந்ததும் துணி போர்த்துவது, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வைப்பது, எல்லாத் திருகுகளையும் வாரம் ஒரு முறையாவது முழுவதும் திருப்பிவிடுவது ஆகியவை போதும். கரகரப்பு வந்துவிட்டால் ஃபேடருக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைப் பயன்படுத்துங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் தூசு ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

மூன்று நான்கு கருவிகளோடு தொடங்குபவருக்கு எம்ஜி10எக்ஸ்யு நல்ல தேர்வு. ஒரே செண்ட் என்ற குறையைத் தெரிந்தே வாங்க வேண்டும். வாசித்ததைப் பின்னர் பிரித்துத் திருத்தி வெளியிடும் எண்ணம் இருந்தால், இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்து மாடல் 12 வாங்குவதே சிக்கனம் என்பேன். கடைக்குப் போகும்போது உங்கள் சிந்தசைசரையும் ஹெட்போனையும் இரண்டு கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் செருகாமல் எல்லா ஃபேடர்களையும் ஏற்றி, ஹெட்போனில் பின்னணி இரைச்சலைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சானலிலும் கருவியைச் செருகி, ஒவ்வொரு திருகையும் கடைசி வரை திருப்பி, இடது வலது இரண்டும் சம அளவில் வருகின்றனவா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் இதே சோதனையைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்துவிட வேண்டும். கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; வாரண்டி கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.